முதல் நாளில் அழும் குழந்தை
வேறொரு நாட்டிலிருந்து தத்தெடுக்கும் பெற்றோருக்குச் சில குறிப்புகள்

தத்தெடுக்கும் பெற்றோர் ஒரு நாளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். விண்ணப்பம், வீட்டாய்வு, சான்றிதழ்கள், நீதிமன்றத் தாள்கள், பயணச்சீட்டு ஆகிய அனைத்தையும் கடந்து, அதுவரை புகைப்படத்தில் மட்டுமே கண்ட குழந்தையை நேரில் காணும் நாள் அது. குழந்தை வேறொரு நாட்டில் இருக்குமாயின் காத்திருப்பு இன்னும் நீளும், எதிர்பார்ப்பும் பெருகும். அந்தச் சந்திப்பை அவர்கள் மனத்துக்குள் பலமுறை கண்டுவிடுகிறார்கள். அங்கே குழந்தை சிரிக்கிறது, கைகளை நீட்டுகிறது, தோளில் சாய்ந்து உறங்குகிறது.

உண்மையில் நடப்பது பெரும்பாலும் வேறு. குழந்தை அலறி அழுகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கதவை நோக்கி ஓடுகிறது. சில குழந்தைகள் எதுவும் செய்யாமல், பொம்மை போல வைத்த இடத்தில் அமர்ந்திருக்கின்றன. "எங்களை அதற்குப் பிடிக்கவில்லையா, டாக்டர்?" என்று பெற்றோர் கேட்கும் கேள்வி அப்போது பிறக்கிறது.

குழந்தை வளர்ச்சி மருத்துவத்தில் பணிபுரிவோரிடம் இக்கேள்வி இருவகைக் குடும்பங்களிலிருந்து வருகிறது. அயல்நாடுகளில் குடியேறி, இந்தியாவிலுள்ள குழந்தையைத் தத்தெடுக்க வரும் தமிழர்கள் ஒரு வகை. நாட்டின் மற்றொரு மாநிலத்துக் காப்பகத்திலிருந்து, தமிழ் அறியாத குழந்தையை அழைத்துவரும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மற்றொரு வகை. இருவருக்கும் பொருந்தும் விடையை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். 1 முதல் 3 வயதுக்கு உட்பட்ட தளர்நடைப் பருவக் குழந்தைகளைப் பற்றியே பேசுகிறேன். ஏனெனில் இம்மாற்றம் மிகக் கடினமாக அமைவது அவர்களுக்குத்தான்.

இந்த வயது ஏன் கடினமானது?

பிறந்த சில வாரங்களேயான சிசு, தன்னை ஏந்தும் கை மாறுவதை ஓரளவே உணர்கிறது. ஆறேழு மாதங்களுக்குப் பின் நிலைமை மாறுகிறது. தன்னைப் பேணும் ஒருவரின் முகம், குரல், மணம், நடை ஆகியவற்றைக் குழந்தை அடையாளம் காண்கிறது. அவரைத் தன் பாதுகாப்பின் இருப்பிடமாகக் கொள்கிறது. அவர் அறையைவிட்டு வெளியேறினால் அழுகிறது. அயலாரைக் கண்டால் அஞ்சுகிறது. இந்தப் பிரிவச்சம் ஒரு வயதையொட்டி உச்சமடைந்து, மூன்று வயதை நெருங்கும்போது மெல்லத் தணிகிறது.

நான்கைந்து வயதுக் குழந்தையிடம் நாம் விளக்க முடியும். படங்களைக் காட்டி ஆயத்தப்படுத்த முடியும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இழப்பு முழுமையாகத் தெரிகிறது; அதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ளும் மொழி மட்டும் இன்னும் வாய்க்கவில்லை. தளர்நடைப் பருவத்தின் துயரம் இதுவே.

இரண்டு நாடுகள், இரண்டு அறைகள்

தத்தெடுப்பு பெருமளவில் நடந்த இரு நாடுகளின் நடைமுறையைக் காண்பது பயன் தரும்.

சீனா 1990களின் தொடக்கத்திலிருந்து 2024 வரை அயல்நாட்டவர்க்குத் தத்துக் கொடுத்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு வெளிநாடு சென்றனர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அமெரிக்காவுக்குச் சென்றனர். பெற்றோர் மாகாணத் தலைநகருக்குச் செல்வர். அங்குள்ள குடிமை விவகார அலுவலகத்துக்கோ, அவர்கள் தங்கியிருக்கும் விடுதிக்கோ காப்பகப் பணியாளர்கள் குழந்தைகளை அழைத்துவருவர். ஒரே அறையில் பல குடும்பங்கள் நிற்கும், பெயர்கள் அழைக்கப்படும், குழந்தைகள் கைமாறுவர். நெடுந்தொலைவு பயணம் செய்து களைத்து, பல அடுக்கு உடைகளுக்குள் வியர்த்து, முன்பின் கண்டிராத முகங்களுக்கு நடுவே நிற்கும் குழந்தைக்குச் சில நிமிடங்களில் உலகமே மாறிவிடும். அமெரிக்கப் பெற்றோர் பின்னர் குவாங்சோ நகருக்குச் சென்று விசா பெற்று ஊர் திரும்புவர். 2024 செப்டம்பரில் சீனா இந்த ஏற்பாட்டை ஏறத்தாழ முற்றிலும் நிறுத்திவிட்டது.

தென்கொரியாவின் வழி வேறு. அங்கே தத்துக்குக் காத்திருந்த குழந்தைகள் பலர் காப்பகங்களில் வளரவில்லை. தத்து முடிவாகும் வரை, பராமரிப்புத் தாய் ஒருவரின் வீட்டில் அவர் குடும்பத்துக் குழந்தை போலவே வளர்ந்தனர். முதுகில் பொதேகி என்னும் துணியால் கட்டிச் சுமக்கப்பட்டு, இரவில் அவர் அருகிலேயே படுத்து உறங்கிய குழந்தைகள் அவர்கள். 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பின், பெற்றோர் நேரில் குடும்ப நீதிமன்றத்தில் தோன்ற வேண்டியதாயிற்று. அதனால் பலர் இருமுறை பயணம் செய்தனர்: முதல் பயணத்தில் குழந்தையைச் சந்தித்து நீதிமன்றம் செல்வர், அனுமதி கிடைத்த பின் இரண்டாம் பயணத்தில் அழைத்துச் செல்வர். இதற்குள் குழந்தைக்கு இரண்டு வயதையொட்டி ஆகியிருக்கும்.

கொரிய மொழியில் தாயை 'ஒம்மா' என்பர். நம் 'அம்மா'வுக்கு எத்தனை அருகில் ஒலிக்கும் சொல் அது! பிரிந்த இரவில் கொரியக் குழந்தை அச்சொல்லை அழைத்து அழுகிறது. அழைக்கப்படுபவர் அருகில் அமர்ந்திருக்கும் புதிய தாய் அல்லர். முதுகில் சுமந்த அந்தத் தாய். இதைக் கேட்கும் புதிய தாயின் நெஞ்சம் வலிப்பது இயல்பு. ஆயினும் மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன்: இக்குழந்தையின் அழுகை நல்ல அறிகுறி. ஒருவரை நம்பவும் நேசிக்கவும் அது ஏற்கெனவே கற்றிருக்கிறது. ஒருமுறை கற்றதை இன்னொருமுறை செய்ய அதனால் இயலும். அதற்குக் காலம் மட்டுமே வேண்டும்.

மருத்துவமனை கற்றுக்கொண்ட பாடம்

இந்த உண்மையை மருத்துவ உலகம் முதலில் கற்றது தத்தெடுப்பு நிலையங்களில் அல்ல, மருத்துவமனைகளில்தான். நோயுற்ற குழந்தையின் அருகில் இரவும் பகலும் அமர்ந்திருக்கும் உங்களுக்கு இவ்வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் காண்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. பெற்றோர் வந்து சென்றால் குழந்தை அழுகிறது. வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் அமைதியாகிவிடுகிறது. எனவே வராதிருப்பதே நல்லது என்று பணியாளர்கள் கருதினர். இலண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் உளவியல் மருத்துவர் ஜான் பௌல்பியுடன் பணிபுரிந்த ஜேம்ஸ் ராபர்ட்சன், அந்த அமைதி உண்மையில் என்ன என்று கூர்ந்து நோக்கினார். சிறிய அறுவை சிகிச்சைக்காக 8 நாள் மருத்துவமனையில் இருந்த, இரண்டரை வயதும் நிறையாத ஒரு சிறுமியைப் படம் பிடித்து, 1952இல் வெளியிட்டார்.

பிரிவுக்கு ஆளான சிறு குழந்தை மூன்று படிகளைக் கடக்கிறது என்று ராபர்ட்சன் விளக்கினார். முதற்படி எதிர்ப்பு: அழுகை, தேடல், கோபம். இரண்டாவது நம்பிக்கையிழப்பு: சோர்வு, மெல்லிய முனகல், விளையாட்டில் நாட்டமின்மை. மூன்றாவது விலகல்: குழந்தை மீண்டும் உண்ணும், யாரிடமும் சிரிக்கும், ஆனால் தாய் வந்தால் அவரைக் காணாதது போல இருக்கும். பணியாளர்கள் 'பழகிவிட்டது' என்று மகிழ்ந்தது இந்தப் பிந்தைய படிகளைக் கண்டுதான். 1959இல் வெளிவந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் தடையின்றிக் குழந்தையைக் காண அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று குழந்தைகள் பிரிவில் பெற்றோர் உடன் தங்குவதை நாம் இயல்பாகக் கருதுவதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

ஆகவே, தத்தெடுத்த முதல் நாளில் அழும் குழந்தையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அழாத குழந்தையைக் கண்டு 'எவ்வளவு சமர்த்து!' என்று உடனே மகிழவும் வேண்டாம்.

அழாத குழந்தை

நெடுங்காலம் பெரிய காப்பகங்களில் வளர்ந்த குழந்தைகளிடம் மற்றொரு வகை அமைதி காணப்படும். அழுதால் யாரும் வருவதில்லை என்று அறிந்த குழந்தை அழுவதை நிறுத்திவிடுகிறது. 1989 டிசம்பரில் ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபோது, அந்நாட்டின் காப்பகங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். வரிசை வரிசையான கட்டில்களில் குழந்தைகள் கிடந்தும் சத்தமற்றிருந்த கூடங்களைப் பார்வையாளர்கள் கண்டனர்.

ருமேனியாவிலிருந்து பிரிட்டனில் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளில் 165 பேர் ஓர் ஆய்வில் இடம்பெற்றனர். அவர்களை மைக்கேல் ரட்டர் தலைமையிலான குழு வளர்ந்த வயது வரை தொடர்ந்து கண்காணித்தது. வந்தபோது பலர் கடும் ஊட்டக்குறைவுடன் இருந்தனர். 4 வயதுக்குள் உயரத்திலும் எடையிலும் பெரும்பாலோர் எட்டிப்பிடித்தனர். 6 மாதத்துக்கு முன் காப்பகத்தைவிட்டு வந்தவர்கள் மற்ற குழந்தைகளைப் போலவே வளர்ந்தனர். அதற்குமேல் காப்பகத்தில் இருந்தவர்களில் கணிசமானோர்க்குக் கவனக்குறைவு, பழகுவதில் வேறுபாடு போன்ற சிக்கல்கள் நீடித்தன. ஆனால் அவர்களிலும் ஐந்தில் ஒரு பங்கினர் எந்தச் சிக்கலுமின்றி வளர்ந்தனர்.

புக்கரெஸ்ட் நகரில் அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய மற்றோர் ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். குடும்பத்தில் சேர்ந்தவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. இரண்டு வயதுக்கு முன் சேர்ந்தவர்களிடம் முன்னேற்றம் மிகுதி. 2007இல் வெளியான இம்முடிவு நமக்குக் கூறுவது எளிமையானது: தாமதம் தீங்கானது, ஆயினும் குடும்பம் என்பது குழந்தையின் மூளைக்கும் மருந்தாகும்.

இவ்வாறு வளர்ந்த குழந்தை முதல் நாளிலேயே உங்களை நோக்கிக் கை நீட்டக்கூடும். மகிழ்ச்சிதான். ஆனால் அதே கை விடுதிப் பணியாளரையும் விமானத்தில் அருகில் அமர்ந்தவரையும் நோக்கி நீளுகிறதா என்று கவனியுங்கள். எவரிடமும் வேறுபாடின்றிச் செல்வது, தனக்கென ஒருவர் இல்லாதிருந்ததன் அடையாளம். முதல் சில மாதங்களில் தூக்குவது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, உறங்கவைப்பது ஆகிய நான்கையும் பெற்றோர் இருவர் மட்டுமே செய்ய வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

புறப்படும் முன் கேட்டறிய வேண்டியவை

இந்தியாவில் 'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் வழியே தத்தெடுப்போர்க்குக் குழந்தையின் ஆய்வறிக்கையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் முன்கூட்டியே வழங்கப்படுகின்றன. கையெழுத்திடும் முன் அவற்றை ஒரு குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். தனியொரு எடை அளவு அதிகம் சொல்வதில்லை. வெவ்வேறு மாதங்களில் எடுக்கப்பட்ட எடை, உயரம், தலைச்சுற்றளவு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். காப்பகத்தில் கழித்த ஒவ்வொரு 3 மாதத்துக்கும் ஏறக்குறைய 1 மாத உயர வளர்ச்சி பின்தங்குவது பொதுவாகக் காணப்படுகிறது. அந்த அளவிலான பின்னடைவு பெரும்பாலும் மீளக்கூடியது. தலைச்சுற்றளவு தொடர்ந்து பின்தங்கினால் கூடுதல் ஆய்வு தேவை.

அறிக்கையில் இடம்பெறாத செய்திகள் இன்னும் முக்கியமானவை. குழந்தையை வீட்டிலோ காப்பகத்திலோ எப்பெயரிட்டு அழைக்கிறார்கள்? எத்தனை மணிக்கு உறங்குகிறது? தட்டிக் கொடுத்தாலா, தொட்டிலில் ஆட்டினாலா, தனியே விட்டாலா உறக்கம் வருகிறது? பால் எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்? கஞ்சியைக் குடிக்கிறதா, மென்று உண்ணப் பழகியிருக்கிறதா? எதைக் கண்டு அஞ்சுகிறது? அழும்போது யாரிடம் ஓடுகிறது? இவற்றைத் தாளில் எழுதிக் கேளுங்கள். ஆயாவோ பராமரிப்புத் தாயோ பாடும் தாலாட்டைக் கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்ப முடியுமா என்றும் வினவுங்கள்.

குழந்தையின் மொழியில் இருபது சொற்களையேனும் கற்றுக்கொள்ளுங்கள்: பால், தண்ணீர், சோறு, வலி, தூக்கம், வா, போதும், பயப்படாதே, இங்கே இருக்கிறேன். ஒடியா மொழி பேசும் காப்பகத்திலிருந்து சென்னைக்கு வரும் குழந்தைக்கும் இது பொருந்தும்.

சந்திப்பின் முதல் மணி நேரம்

அறைக்குள் நுழைந்ததும் குழந்தையை வாரி எடுக்காதீர்கள். குழந்தையின் கண்மட்டத்துக்கு வருமாறு தரையில், சற்று விலகி அமருங்கள். முதலில் குழந்தையிடம் பேசாமல், அதை ஏந்தியிருப்பவரிடம் புன்னகையுடன் பேசுங்கள். தான் நம்பும் ஒருவர் உங்களை ஏற்றுக்கொள்வதைக் குழந்தை கவனிக்கும். ஒரு பந்தையோ கிண்ணத்தையோ உருட்டிவிடுங்கள். குழந்தை தொடட்டும், விலகட்டும், மறுபடி வரட்டும். அவசரம் அலுவலகத்துக்கு இருக்கலாம், உங்களுக்கு வேண்டாம். முடிந்தால் ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே சிலமுறை சந்திக்க அனுமதி கேளுங்கள்.

பிரியும் நேரத்தில், குழந்தை கவனிக்காதபோது பராமரித்தவர் நழுவிச் செல்வது நல்லதென்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அவர் குழந்தையை முத்தமிட்டு, விடைபெறும் சொல்லைச் சொல்லி, தம் கையாலேயே உங்கள் கையில் தர வேண்டும். குழந்தை அப்போது பெரிதாக அழும். ஆயினும் 'என்னை ஒப்படைத்தார்' என்பதும் 'திடீரென மறைந்துபோனார்' என்பதும் குழந்தையின் மனத்தில் வெவ்வேறு தழும்புகளை விடுகின்றன. அவருடன் குழந்தை இருக்கும் புகைப்படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அதற்கு விலை இல்லை.

குழந்தை அணிந்துவரும் உடையை அன்றே களைந்து துவைத்துவிடாதீர்கள். பழைய போர்வையோ, ஆயாவின் துணியோ கிடைத்தால் துவைக்காமலே அருகில் வையுங்கள். சிறு குழந்தைக்கு மணமே வீடு. முதல் சில நாள் நறுமணப் பூச்சுகளையும் தவிர்த்துவிடுங்கள்.

காப்பகங்களில் பணிபுரிவோர் பெரும்பாலும் பெண்கள். ஆகவே குழந்தை தந்தையைக் கண்டு அஞ்சலாம். தாடியும் மூக்குக்கண்ணாடியும் கனத்த குரலும் அச்சத்தைக் கூட்டும். மாறாக, தாயை ஒதுக்கிவிட்டுத் தந்தையை மட்டும் பற்றிக்கொள்வதும் உண்டு. பிரிந்துசென்ற பெண்ணின் இடத்தில் இன்னொரு பெண்ணை ஏற்பது சில குழந்தைகளுக்கு அரிது. ஒதுக்கப்பட்டவர் விலகிச் செல்லக்கூடாது, வற்புறுத்தவும் கூடாது. குழந்தைக்கு விருப்பமான உணவு அவர் கையிலிருந்தே செல்லட்டும். சில வாரங்களில் கதவு திறக்கும்.

முதல் இரவு குழந்தையைத் தனி அறையில் விடாதீர்கள். தொட்டில் உங்கள் கட்டிலை ஒட்டி இருக்கட்டும். நள்ளிரவில் அழுதால் விளக்கைப் பளிச்சென்று போடாமல், கற்றுக்கொண்ட அந்தச் சில சொற்களை மெல்லச் சொல்லுங்கள். குழந்தை உங்கள் கையை உதறினாலும் அருகிலேயே இருங்கள். ஆறுதலை அது ஏற்காவிட்டாலும், ஆறுதல் தருபவர் எழுந்து போகவில்லை என்பது அதற்குத் தெரியவரும்.

உணவும் உடலும்

முதல் வாரத்தில் ஊட்டச்சத்தைவிடப் பழக்கமே முதன்மையானது. குழந்தைக்குப் பழகிய உணவையே கொடுங்கள். பின்னர் சிறிது சிறிதாக மாற்றலாம். காப்பகத்தில் வளர்ந்த சில குழந்தைகள் நிறுத்தாமல் உண்பார்கள். வாயில் உணவை அடக்கிவைப்பார்கள். தலையணைக்கடியில் பிஸ்கட்டை ஒளித்துவைப்பார்கள். கண்டிக்காதீர்கள். குறித்த நேரத்தில் உணவு தவறாமல் வரும் என்ற நம்பிக்கை வேரூன்றிய பின் இப்பழக்கம் தானே மறையும். கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு மட்டும் உணவின் அளவை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். திடீரென மிகுதியாகக் கொடுப்பது ஆபத்தானது.

ஊர் திரும்பிய 2 வாரத்துக்குள் முழுமையான மருத்துவப் பரிசோதனை அவசியம். இரத்தசோகை, மஞ்சட்காமாலை பி மற்றும் சி, எச்.ஐ.வி., சிஃபிலிஸ், தைராய்டு, இரத்தத்தில் ஈயம், மலத்தில் ஒட்டுண்ணிகள் ஆகியவற்றைச் சோதிக்கிறோம். பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனையைத் தவிர்ப்பதில்லை. சொறி, சிரங்கு, தலைப்பேன் ஆகியவை இருக்கலாம், எளிதில் குணமாகும். முன்பே செய்த சோதனைகளின் அறிக்கை இருந்தாலும் சிலவற்றை மறுபடி செய்வதும், சிலவற்றை 6 மாதம் கழித்துத் திரும்பச் செய்வதும் உண்டு. தடுப்பூசி அட்டையில் ஐயம் இருந்தால் அத்தடுப்பூசியை மீண்டும் போடுவதில் தீங்கில்லை.

செவிப்புலனையும் பார்வையையும் தொடக்கத்திலேயே சோதித்துவிட வேண்டும். மொழி மாறிய குழந்தை சில காலம் பேசாமல் இருப்பது இயல்பு. 'மொழி புதிது, அதனால் பேசவில்லை' என்று நாம் காத்திருக்கும்போது, கேட்கும் திறனில் உள்ள குறை கவனிக்கப்படாமல் போய்விடக்கூடாது.

துயரத்தால் ஒருநாள் சரியாக உண்ணாதிருப்பதை ஏற்கலாம். ஆனால் நீராகாரத்தையும் மறுத்து, 8 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழியாதிருந்தால், அல்லது காய்ச்சல், தொடர் வாந்தி, விடாத பேதி, எழுப்பக் கடினமான உறக்கம் இருந்தால், எந்த ஊரில் இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வீடும் சுற்றமும்

நம் குடும்பங்களில் புதிய வரவை வரவேற்கச் சுற்றம் திரண்டுவிடும். விமான நிலையத்திலேயே மாலையும் பலூனுமாகப் பதினைந்து பேர் காத்திருப்பார்கள். குழந்தை பாட்டியின் இடுப்பிலிருந்து அத்தையின் இடுப்புக்கும், அங்கிருந்து சித்தப்பாவின் தோளுக்கும் போகும். அனைத்தும் அன்பினால் நிகழ்பவை. ஆனால் யார் தன்னவர் என்று தேடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்தக் கூட்டம் மற்றொரு கைமாற்றமாகவே படும். தாத்தா பாட்டியரிடம் முன்னரே பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள்: 'சில வாரம் பார்வை உங்களுடையது, கை எங்களுடையது.' சமைத்துக் கொடுப்பதும், துணி துவைத்துத் தருவதும், பெற்றோர் உறங்க வழிசெய்வதும் அவர்கள் செய்யக்கூடிய பேருதவிகள்.

முடியிறக்குதல், காது குத்துதல், பெயர்சூட்டு விழா ஆகியவற்றைச் சில மாதம் தள்ளிவைப்பது நல்லது. வலி தரும் ஒரு சடங்கில் குழந்தையை இறுகப் பிடித்துக்கொள்ளும் கை, அது இப்போதுதான் நம்பத் தொடங்கியிருக்கும் கையாக இருத்தல் ஆகாது. பெயரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய பெயரோடு புதிய பெயரைச் சேர்த்து அழையுங்கள். குழந்தை தன்னுடன் கொண்டுவந்த உடைமைகளில் பெயரே முதன்மையானது.

குழந்தையின் கடந்த காலம் குறித்த ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்துங்கள். கொரியப் போருக்குப் பின் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்நாட்டிலிருந்து அயல்நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவர்களில் பலருடைய ஆவணங்கள் திருத்தப்பட்டிருந்ததை அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. வளர்ந்து நடுத்தர வயதை எட்டியவர்கள் இன்றும் தம் பிறப்பைத் தேடி அலைகிறார்கள். குழந்தைகளின் உரிமையைக் காக்கவே 1993இல் ஹேக் உடன்படிக்கை உருவானது. இந்தியா 2003இல் அதை ஏற்றது. சட்டத்தின் வழியன்றி, இடைத்தரகர் மூலமாகவோ தனியார் ஏற்பாட்டிலோ குழந்தையைப் பெறுவது குற்றம். குழந்தைக்கு அதன் வரலாற்றை மறுக்கும் செயலுமாகும். இந்தியாவிலிருந்து அயல்நாடு செல்லும் குழந்தைகளின் நலன் குறித்து முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அறிக்கை அனுப்பப்பட வேண்டும். அதைக் கண்காணிப்பாக எண்ணாமல், ஐயங்களைக் கேட்டுத் தெளியும் வாய்ப்பாகக் கொள்ளுங்கள்.

பெற்றோரின் மனம்

பெற்றோர் வெளியில் சொல்லத் தயங்கும் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஏங்கிய குழந்தை கைக்கு வந்த பின், தம் மனத்தில் அன்புக்குப் பதிலாகச் சோர்வும் அச்சமும் வெறுமையும் நிறைந்திருப்பதைச் சிலர் உணர்கிறார்கள். 'இவ்வளவு விரும்பியும் எனக்கு ஏன் இப்படித் தோன்றுகிறது?' என்ற குற்றவுணர்ச்சி அதனுடன் சேர்ந்துகொள்கிறது. மகப்பேற்றுக்குப் பின் சில தாய்மார்க்கு மனச்சோர்வு வருவது போலவே, தத்தெடுத்த பின்னும் வரலாம். தாய்க்கும் வரலாம், தந்தைக்கும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் கூறுங்கள். அதற்கு மருத்துவம் உண்டு.

அன்பு முதல் நாளே பெருக வேண்டும் என்ற கட்டாயம் எவர்க்கும் இல்லை. குழந்தைக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. பால் கலக்குவதும், ஈரத்துணி மாற்றுவதும், இரவில் எழுந்து அமர்வதும் நாள்தோறும் திரும்பத் திரும்ப நிகழும்போது பிணைப்பு உருவாகிறது. அது உருவாகிவிட்டதை நாங்கள் ஓர் எளிய நிகழ்ச்சியால் அறிகிறோம். விளையாடும்போது தடுக்கி விழுந்த குழந்தை, அறையில் ஐந்து பேர் இருந்தும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் மட்டும் ஓடிவரும். சிலருக்கு அது ஆறு வாரத்தில் நிகழும். சிலருக்கு ஓராண்டும் ஆகலாம்.

ஊர் திரும்பியதும் முதல் பரிசோதனைக்கு வரும்போது, தடுப்பூசி அட்டையையும் மருத்துவ அறிக்கைகளையும் கொண்டுவாருங்கள். குழந்தை கையைவிட்டு விடாத பழைய துணி ஏதேனும் இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள். எடை பார்க்கும்போதும் ஊசி போடும்போதும் அது குழந்தையின் கையிலேயே இருக்கட்டும்.